கிளம்பாத வண்டியும் கரண்ட் அக்காவும்

எங்கள் தெருவில் எல்லோரும் அவளைக் கரண்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவில் முதன்முதலாக மின்சாரக் கார் வாங்கியவள் என்பதால் வந்த பெயர். வாய்க்காகவும் வந்தது என்று அவள் கணவரே சொல்வார். "தொட்டா ஷாக் அடிக்கும் சார். இந்த வீட்டுல எர்த் கம்பி நான்தான்" என்பார். அவர் தெருமுனையில் சலூன் வைத்திருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர்.

நேரில் பேசும்போது நான் அவளை மரியாதை குறைத்துப் பேசியதில்லை. எழுதும்போது மட்டும் 'அவள்' என்றுதான் வருகிறது. எனக்கு ஒரு தங்கை இருந்திருந்தால் அவள் வயதுதான் இருந்திருக்கும்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிழை பார்த்தே பிழைத்தவன் என்று ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் 'பிழை சார்'. சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபின், வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டியவனானேன். மகனும் மருமகளும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். என்னைக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் பொறுப்பைக் கரண்ட் அக்கா வாடகை பேசி ஏற்றுக்கொண்டாள். வாடகைக்கு என்றுதான் பேச்சு. ஆனால் சுத்திகரிப்பு முடிந்து துவண்டுபோய் வருகிறவனைக் கைத்தாங்கலாக மாடிப்படி ஏற்றிவிடுவதற்கும், போர்வையை இழுத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவதற்கும் எந்த வாடகையில் கணக்கு?

"உங்களைக் கடைசி வரைக்கும் கொண்டுபோய் விடுறது என் பொறுப்பு சார்" என்று ஒருநாள் சொன்னாள்.

"கடைசி வரைக்கும்னா எதுவரைக்கும்மா?"

"வாயைக் கிளறாதீங்க. ஆஸ்பத்திரி வரைக்கும்."

கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்தபோது சலூனுக்குப் பின்னால் இரண்டு அறைகள்தான் இருந்தனவாம். மாமியார் இல்லை. கணவரின் தம்பி, இரண்டாம் வகுப்புப் பையன், மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு அறை மூலையில் நின்றிருக்கிறான். அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவள் இவள்தான். தனக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. யாராவது அதைப் பற்றித் துக்கம் விசாரித்தால், "ஒண்ணு ரெடிமேடா கிடைச்சுதே, அளவெடுத்துத் தைக்கணுமா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டினாள். அந்த வேலைக்கு மெஷின் வந்ததும் வெளியே வந்தாள். ரொட்டிக் கடை வேனில் சரக்கு இறக்கப் போன இடத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு பல வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். டீசல் வேனின் சத்தத்தில் காதுக்குள் எந்நேரமும் ஒரு ரீங்காரம் தங்கிவிட்டது. பள்ளிக்கூடம் சொந்தமாகப் பஸ் வாங்கியபோது, ஒரு பல் டாக்டரிடமிருந்து இந்தக் காரைப் பழையதாக வாங்கினாள். வாங்கச் சொன்னது கொழுந்தன்தான். மூக்கொழுகிய அந்தப் பையன் இப்போது கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன், தெருக்கோடியில் சொந்தமாக ஷெட் போட்டிருந்தான். "சத்தமே இருக்காது அண்ணி. உங்க காதுக்கு நிம்மதி" என்றான்.

அவளுக்கு அந்த வண்டியில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. முதல் பயணத்திலேயே எனக்கு அதைச் செய்து காட்டினாள். "பாருங்க சார், ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டேன். அதுவே வேகம் கொறைஞ்சு, அதுவே நிக்குது. நிக்கிறப்போ பேட்டரியும் கொஞ்சம் ஏறுது. பிரேக் கட்டையை நான் தொடுறதே அபூர்வம். வண்டியைக் கிளப்புறப்போ ஒருவாட்டி மிதிக்கணும். அவ்வளவுதான்."

வண்டி முதன்முதலாக மக்கர் செய்தது என் வீட்டு வாசலில். ஒரு காலைநேரம். என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, தன் இருக்கைக்குப் போய், பிரேக்கை மிதித்து, பொத்தானை அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வந்தது. மின்விசிறி சுற்றியது. ரேடியோவில் யாரோ சிரித்தார்கள். ஆனால் 'கிளம்பலாம்' என்று சொல்கிற பச்சை விளக்கு மட்டும் வரவில்லை. அது வராமல் அந்த வண்டி நகராது. அணைத்து அணைத்துப் போட்டாள். கண் திறக்கிறது, எழுந்திருக்க மறுக்கிறது.

"பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி இருக்கு" என்றாள்.

கொழுந்தன் ஓடி வந்தான். சாவிக்குள் இருக்கும் பொத்தான் அளவு பேட்டரியை மாற்றினான். இருக்கையில் உட்கார்ந்து அழுத்தினான். பச்சை விளக்கு வந்துவிட்டது.

"பார்த்தீங்களா அண்ணி, டாக்டர் கையைப் பார்த்ததுமே நோயாளிக்கு காய்ச்சல் போயிடுச்சு."

"ரொம்பப் பீத்திக்காதே. சாருக்கு நேரமாகுது, இறங்கு."

அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலில். எனக்குத் தலைசுற்றல். பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். முன்னால் அவள் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு வேறு டாக்ஸி பிடித்துக் கொடுத்துவிட்டுக் கொழுந்தனுக்குப் போன் செய்தாள். வண்டி ஓடுவதற்குப் பெரிய பேட்டரி என்றால், வண்டியை எழுப்புவதற்கென்று சின்னதாக இன்னொரு பேட்டரி உண்டாம். பெரியது நிறைய இருந்தாலும் சின்னது செத்தால் வண்டி எழாதாம். அவன் சின்னதை மாற்றினான். மாற்றுவதற்கு முன்னால் சும்மா ஒருமுறை அழுத்திப் பார்த்தபோதே வண்டி கிளம்பிவிட்டதாம். அந்த விஷயம் அவனை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அண்ணியிடம் அதைச் சொல்லவில்லை.

சலூனில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர்கள் எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். எலி ஒயரைக் கடித்திருக்கும் என்றார் ஒருவர். ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டால் பேட்டரிக்கு அஜீரணம் வரும் என்றார் இன்னொருவர். பல் டாக்டர் சும்மா விற்பாரா, சொத்தையைத்தான் விற்றிருப்பார் என்றார் மூன்றாமவர். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கும் கொண்டுபோனார்கள். அங்கே கம்ப்யூட்டரை இணைத்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பெண், "வண்டி ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்று சொன்னாளாம்.

"அப்போ நான்தான் நல்லா இல்லையான்னு கேட்டுட்டு வந்தேன்" என்று அவள் எங்களிடம் சொன்னபோது சலூனே சிரித்தது. கண்ணாடியில் பார்த்தேன். சலூன்காரரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் அவளுடைய வலதுகால் செருப்பு அடிக்கடி கழன்று போகும். சில நேரம் கழன்றதுகூடத் தெரியாமல் நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து எடுப்பாள். செருப்பு தேய்ந்துவிட்டது என்றாள். புதிதாக வார் வைத்த செருப்பு வாங்கினாள். ஆஸ்பத்திரிப் படியில் ஒருமுறை தடுக்கினாள். "படி கட்டினவன் குடிச்சிட்டுக் கட்டியிருக்கான்" என்று அவனைத் திட்டினாள். வயது ஐம்பதைத் தாண்டினால் யாருக்குத்தான் தடுக்காது?

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு அன்று ஆஸ்பத்திரி இல்லாத நாள். கை காலை நீட்டிவிட்டு வரலாம் என்று தெருக்கோடி வரை நடந்தேன். ஷெட்டுக்குள் அந்தக் கார் நின்றது. ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்தது. கொழுந்தன் தலையையும் தோள்களையும் உள்ளே நுழைத்து, ஸ்டியரிங்கிற்குக் கீழே மல்லாந்து கிடந்தான். வெளியே அவனது கால்கள் மட்டும் தெரிந்தன. அக்கா ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க பிழை சார், சரியான நேரத்துக்கு வந்தீங்க. திருடனைப் பிடிச்சுட்டானாம்."

"பிரேக் சுவிட்சுதான் சார்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பிரேக்கை மிதிச்சிருக்கோம்னு வண்டிக்குத் தெரிஞ்சாத்தான் அது கிளம்பும். அதைச் சொல்றது இந்தச் சுவிட்சு. பின்னாடி சிவப்பு லைட் எரியறதும் இதாலதான். இது விட்டு விட்டு வேலை செஞ்சா வண்டி எப்படிக் கிளம்பும்? புதுசு போட்டுட்டேன். சார், ஒரு உதவி. பின்னாடி நின்னு லைட் எரியுதான்னு சொல்றீங்களா?"

நான் காரின் பின்பக்கம் போய் நின்றேன்.

அவன் கையாலேயே பிரேக்கை அழுத்தினான். "எரியுதா சார்?"

"எரியுது."

"இப்போ?"

"அணைஞ்சுடுச்சு."

"இப்போ?"

"எரியுது. பளிச்சுன்னு எரியுது."

"அவ்வளவுதான் அண்ணி, முடிஞ்சுது. நீங்க வந்து உக்காந்து ஒருவாட்டி மிதிங்க. எப்பவும் எப்படி மிதிப்பீங்களோ அப்படி."

அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவன் தலையைக் கொஞ்சம் ஒதுக்கி அவள் காலுக்கு இடம்விட்டான்.

"எரியுதா சார்?"

"எரியல."

"மிதிங்க அண்ணி."

"மிதிச்சுக்கிட்டுதான்டா இருக்கேன்."

"இப்போ எரியுதா சார்?"

"இல்ல தம்பி."

"நல்லா மிதிங்க அண்ணி."

"இதுக்கு மேல எப்படிடா மிதிக்கிறது? கட்டையே உடைஞ்சுடும்."

நான் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் மங்கலாக, தூசி படிந்து, எரியாமல் இருந்தன. அவன் மறுபடி கேட்கவில்லை. கேட்பான் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லாததால் மெதுவாக முன்பக்கம் வந்தேன்.

அவளுடைய வலது பாதம் பிரேக் கட்டையின் மேல் இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். தொடை நடுங்கியது. முழங்கால் முன்னால் தள்ளியது. முகத்தில் பாரம் தூக்குகிறவளின் இறுக்கம். ஆனால் கணுக்காலுக்குக் கீழே அந்த முயற்சி போய்ச் சேரவில்லை. மேசை மேல் வைத்த பொருளைப் போலப் பாதம் சும்மா கிடந்தது.

அவன் கையை நீட்டி, அவள் பாதத்தின் மேல் வைத்து, லேசாக அமுக்கினான். ஷெட்டின் பின்சுவர் சிவந்தது. கையை எடுத்தான். சிவப்பு போய்விட்டது.

பிறகு உள்ளங்கையை அவள் பாதத்துக்கு அடியில் கொடுத்தான்.

"அண்ணி, என் கையை மிதிங்க."

"எதுக்குடா?"

"சும்மா மிதிங்க."

"மிதிக்கிறேன்."

"இன்னும்."

"மிதிக்கிறேன்டா. வலிக்கலையா உனக்கு?"

அவன் கையை எடுத்துக்கொண்டான். வெளியே வரவுமில்லை. ஸ்பேனரை எடுத்து, ஏற்கெனவே முடுக்கிய ஏதோ ஒன்றை மறுபடியும் முடுக்குகிற மாதிரிச் செய்துகொண்டு நெடுநேரம் அங்கேயே கிடந்தான். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலில் தன் காலைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, திறந்த ஷெட்டுக்கு அப்பால் தெருவைப் பார்த்தாள்.

"அப்போ இத்தனை நாளா வண்டியை நிறுத்தினது யாருடா?"

கீழிருந்து குரல் தயங்கி வந்தது. "அதுவேதான் நின்னிருக்கு அண்ணி. நீங்க காலை எடுத்ததும் அதுவா நின்னிருக்கு. வண்டி ஓடுறப்போ பிரேக்கும் லேசா இருக்கும், தொட்டாலே பிடிக்கும். ஆஃப் பண்ணியிருக்கிறப்போதான் கட்டை கெட்டியா இருக்கும். அதான் கிளப்புறப்போ மட்டும்..."

"முந்தாநாள் பள்ளிக்கூட வாசல்ல ஒரு பொண்ணு குறுக்க ஓடினா" என்றாள். "நான் பிரேக் போட்டேன்னுல்ல நெனச்சேன்."

அவள் சாவியை எடுத்தாள். குனிந்து, கீழே கிடந்தவனின் சட்டைப் பைக்குள் அதைப் போட்டாள். "இனிமே நான் இந்தச் சீட்டுல உக்காரக் கூடாது. நான் கேட்டாலும் குடுக்காதே. அழுது கேட்டாலும் குடுக்காதே." கதவைப் பிடித்து இறங்கினாள். தாங்குவதற்காக நான் நீட்டிய கையைப் பார்த்து, "இருங்க சார், நடக்கத் தெரியும்" என்றாள். வார் வைத்த புதுச்செருப்போடு அந்தக் காலை இழுத்து இழுத்து வைத்து வீடுவரை தனியாக நடந்து போனாள்.

அப்புறம் டாக்டர்கள். முதுகில் படம், தலையில் படம், தசையில் ஊசி குத்திப் பார்க்கும் சோதனை. பல வாரங்கள் போயின. முடிவைச் சலூன்காரர் எனக்குச் சொன்னது முகம் மழிக்கும்போது. கத்தி என் தொண்டைக்குழிக்கு மேலே இருந்தது. கையை எடுத்தார். கத்தியைத் துணியில் துடைத்தார்.

"நரம்பு ஒண்ணொண்ணா வேலையை நிறுத்திடுமாம் சார். கால்ல ஆரம்பிச்சிருக்கு. கைக்கு வருமாம். அப்புறம் பேச்சு, முழுங்குறது, மூச்சு. மருந்து இருக்காம். கொஞ்சம் மெதுவாக்குமாம், நிறுத்தாதாம்."

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். அவர் என் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் தலையை நிமித்துங்க" என்றார். மீதியை மழித்து முடித்தார். ஒரு கீறல் இல்லை.

எங்கள் இருவரில் முதலில் போகவேண்டியவன் நான் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். நானும் அந்த நினைப்புக்கு வீடு கொடுத்து வாடகை வாங்காமல் வைத்திருந்தவன். ஆஸ்பத்திரி நாட்களில் அவளே போன் செய்து எனக்கு டாக்ஸி ஏற்பாடு செய்வாள். வந்து சேர்ந்தேனா என்று கேட்பாள். எந்த டிரைவரும் அவளுக்குத் திருப்தியில்லை. ஒருவன் பள்ளத்தில் விட்டானாம். ஒருவன் என்னைப் படியேற்றிவிடாமல் போய்விட்டானாம். "மூட்டை இறக்குற மாதிரி இறக்கிட்டுப் போறானுங்க" என்று கத்தினாள்.

ஒருநாள் கணவரிடம் சொன்னாள்: "ஏங்க, நீங்க ஓட்டக் கத்துக்குங்க."

அவர் திடுக்கிட்டார். கத்தரிக்கோலைத் தவிர வாழ்க்கையில் வேறெதையும் ஓட்டாதவர். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் போனதிலிருந்து சக்கரம் வைத்த எதையும் நம்பாதவர். "இந்த வயசுலயா? எனக்குக் கையெல்லாம் நடுங்கும்" என்றார்.

"ஊர்ல இருக்கிறவன் கழுத்துல எல்லாம் கத்தி வைக்கிறீங்க, அப்போ நடுங்கலையே."

கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் பாடம் தொடங்கியது. அவள் பக்கத்து இருக்கையில். நான் பின்சீட்டில். என்னை எதற்குக் கூப்பிட்டாள் என்று கேட்டேன். "ஆள் ஏறியிருந்தாத்தான் பயம் வரும். பயம் இருந்தாத்தான் ஒழுங்கா ஓட்டுவாரு" என்றாள். என் உயிருக்கு அவள் வைத்திருந்த மதிப்பை நினைத்துச் சிரித்தேன்.

"கஸ்டமர் தலையைத் திருப்புற மாதிரித் திருப்புங்க ஸ்டியரிங்கை. வெடுக்குனு திருப்பினா அவன் கழுத்து என்ன ஆகும்?"

"சரி."

"வலது பக்கம் மீசையைப் பார்த்துட்டு இடது பக்கத்தை விட்டுடுவீங்களா? ரெண்டு கண்ணாடியையும் பாருங்க."

"பார்க்கிறேன், பார்க்கிறேன். கொஞ்சம் மூச்சு விடு."

லைசென்ஸ் சோதனையில் பின்னோக்கி ஓட்டும்போது கம்பத்தில் இடித்துத் தோற்றார். மறுபடி எழுதிப்போட்டு வாங்கினார். லைசென்ஸ் அட்டையில் இருந்த போட்டோவில் அழப்போகிறவர் போல இருந்தார். அவள் அந்த அட்டையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அதைப் பிடித்திருக்கவே விரல்கள் சிரமப்பட்டன.

கொழுந்தன் மட்டும் அந்த வண்டிப் பக்கமே வரவில்லை. வீட்டுக்கு வருவான், அண்ணியின் காலைப் பிடித்துவிடுவான், மருந்து வாங்கித் தருவான், பேச மாட்டான். கார் தகராறு செய்தால் வேறு மெக்கானிக்கிடம் அனுப்பினான். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அவள் வண்டியை ஷெட்டுக்கு விடச் சொன்னாள். இறங்க முடியாது அவளால். கண்ணாடியை இறக்கி அவனைக் கூப்பிட்டாள். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து நின்றான்.

"ஏன்டா இந்த வண்டியைத் தொட மாட்டேங்கிற?"

"வேலை ஜாஸ்தி அண்ணி."

"பொய் சொல்லாதே. சின்ன வயசுல இருந்து உனக்கு அது வராது. நீ கண்டுபிடிச்சதாலதான் எனக்கு வந்துச்சுன்னு நெனக்கிற. அப்படித்தானே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ அன்னைக்கு அதைப் பார்க்கலேன்னா நான் ஒரு பிள்ளையை ஏத்திக் கொன்னிருப்பேன். இந்த சாரைக் கொன்னிருப்பேன். அப்புறம் இந்த நோயும் வந்து, அந்தப் பாவத்தோட படுத்துக் கிடந்திருப்பேன். நீ எனக்கு என்ன செஞ்சிருக்கேன்னு உனக்குத் தெரியுமாடா?"

அவள் பேச்சு அப்போதே குழறத் தொடங்கியிருந்தது. ஆனால் இதை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். அவன் கார்க் கதவின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. சலூன்காரர் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவன் நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்சக்கரத்தை உதைத்துப் பார்த்தான். "காத்து கொறைவா இருக்கு அண்ணே. எவன்கிட்ட காட்டினீங்க?" என்றான்.

சில மாதங்கள் அப்படி ஓடின. அவர் ஓட்டுவார், அவள் பக்கத்தில் இருந்து நடத்துவாள். "சைக்கிள்." "பார்த்துட்டேன்." "பார்த்தா மெதுவாப் போகணும்ல?" பேச்சு மேலும் குழறியபோது அவருக்குப் புரியாமல் போகும். எனக்குப் புரியும். கோழி கிளறிய மாதிரியான கையெழுத்துகளைப் படித்தே காலம் தள்ளியவன் நான். பின்சீட்டிலிருந்து அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்வேன். வசவுகளை மட்டும் கொஞ்சம் திருத்திச் சொல்வேன். அவளுக்குத் தெரிந்துவிடும். கண்ணாடியில் என்னை முறைப்பாள்.

ஒருநாள் ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் அவர் தேநீர் வாங்கப் போயிருந்தார். அவள் முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"சார், மெஷின்ல படுத்திருக்கிறப்போ என்ன நெனப்பீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. மேலே ஃபேன் சுத்தறதைப் பார்ப்பேன்."

"பயமா இருக்காதா?"

"மொதல் வருஷம் ரொம்ப இருந்துச்சு."

"அப்புறம் போயிடுச்சா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அவளிடம் அது செல்லாது. "போகல. அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டே சாப்பிடவும் தூங்கவும் பழகிட்டேன்."

அவள் அவர் போன திசையைப் பார்த்தாள். "அவருக்கு அதைச் சொல்லிக் குடுங்க" என்றாள். "எனக்கில்ல. அவருக்கு. நான் போனப்புறம்."

நான் பதில் சொல்வதற்குள் அவர் இரண்டு கைகளிலும் தேநீரோடு வந்துவிட்டார். ஒன்றை எனக்குக் கொடுத்தார். மற்றொன்றை ஆற வைத்து, ஸ்பூனில் எடுத்து, அவள் விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த ஸ்பூனைக் கொடுத்தார். அவசரமே இல்லை அவருக்கு. அந்த டம்ளர் தேநீரில் பாதியைக் கொடுத்து முடிப்பதற்குள் என்னுடையது முழுக்க ஆறிப்போயிருந்தது.

அதன்பின் அவள் பேச்சு முழுதாக நின்றது. பிறகு வெளியே வருவதும் நின்றது. மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, மூச்சு முட்டுகிறது என்று கூடச் சொல்ல முடியாமல், கொழுந்தன் தலைமாட்டிலும் கணவர் கால்மாட்டிலும் இருக்க, அவள் போய்விட்டாள். நான் போனபோது வலது காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்திருந்தார்கள். வலிக்காமல் இருக்க வைத்தது. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் எனக்கு ஆஸ்பத்திரி நாள். சலூன்காரர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மகனிடம் டாக்ஸிக்குச் சொல்லச் சொல்லியிருந்தேன். ஆனால் நேரத்துக்கு வாசலில் அந்தச் சத்தமில்லாத வண்டி வந்து நின்றது. அவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்துப் படியிறக்கினார். மழிக்காத தாடி. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

நான் வழக்கம்போலப் பின்கதவைத் திறந்தேன்.

"முன்னாடி உக்காருங்க சார்" என்றார்.

"பரவாயில்ல, பின்னாடியே இருக்கேன். சாஞ்சுக்க வசதியா இருக்கும்."

"முன்னாடி வாங்க சார்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பக்கத்துல யாரும் இல்லாம நான் ஒருநாளும் ஓட்டினதில்ல."

முன்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். இருக்கை அவள் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது. என் முழங்கால் இடித்தது. பின்னால் தள்ளட்டுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடைத்தெரு முனையில் ஒரு லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. இடதுபக்கம் ஒரு சைக்கிள் வந்தது.

"சைக்கிள்" என்றேன்.

"பார்த்துட்டேன் சார்" என்றார்.

மெதுவாகத்தான் போனார். ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகிவிட்டது. நர்ஸ் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினாள்.